யுகுலேலேயின் உராய்வு முறுக்காணிகள்: அவை துள்ளுவதும் நழுவுவதும் ஏன்?

யுகுலேலே என்பது நான்கு தந்திகளையுடைய சிறு இசைக்கருவி. வடிவில் கிதாரை ஒத்தது. ஆயினும் ஒரு குழந்தை மார்போடு அணைத்து வாசிக்கத்தக்க அளவினது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளில் உருப்பெற்ற இக்கருவி இன்று பல நாடுகளின் பள்ளிகளிலும், நம் நாட்டு நகரங்களின் இசைக்கருவிக் கடைகளிலும் காணப்படுகிறது. எடை குறைவு; நைலான் தந்தி சிறுவர் விரலை அறுப்பதில்லை; சில நாட்களிலேயே ஒரு பாட்டுக்குத் துணையாக மீட்டப் பழகிவிடலாம். இத்தனை நன்மைகள் இருந்தும், பழைய கருவி ஒன்றைப் பெற்ற பள்ளி அதனைச் சில வாரங்களில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதுண்டு. காரணம் கேட்டால், "சுருதி நிற்பதில்லை, முறுக்காணியைத் தொட்டால் எங்கேயோ துள்ளிவிடுகிறது" என்பர்.

இவ்வாறு கைவிடப்பட்ட கருவிகளுட் பெரும்பாலானவற்றில் பழுது ஏதும் இல்லை. பற்சக்கரம் இல்லாத, உராய்வை மட்டுமே நம்பி நிற்கும் முறுக்காணிகள் அவற்றில் பொருத்தப்பட்டுள்ளன. அவ்வுராய்வின் இயல்பு அறியாமல் கையாளப்படுவதே குறை. ஒரு சிறு திருப்புளியும் ஒரு பென்சிலும் போதும். அவற்றோடு பள்ளிப் பௌதிகத்தின் இரண்டொரு விதிகளும் வேண்டும். விஞ்ஞான ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரே மேசையருகில் அமர்ந்து பேசத்தக்க பொருள் இது.

கருவி வந்த வழி

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், போர்ச்சுக்கல் நாட்டைச் சேர்ந்த மடீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் குடியேறியோரை ஏற்றிவந்த 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே டூ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவரும் மரவேலை வல்லவர். தம் தீவில் 'மஷேட்டே' எனப்பட்ட சிறு தந்திக் கருவியைத் தழுவி, ஹவாயின் கோவா மரத்தில் இவர்கள் செய்த கருவிகளே யுகுலேலேயின் முன்னோடிகள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கோவா, நம் கருவேல மரத்திற்கு உறவானது. ஹவாய் மன்னர் கலாகவுவா இக்கருவியை ஆதரித்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சிக்குப் பின்னர் அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் இது பரவியது.

தொடக்கக் காலக் கருவிகளில் இருந்தவை மரத்தாலான கூம்பு வடிவ முறுக்காணிகளே. நம் வீணை வித்வான்கள் 'பிரடை' என்பதும், வயலினில் காண்பதும் இவ்வகையே. பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருகாணியால் இறுக்கப்படும் உலோக முறுக்காணிகள் வந்தன. இன்று விற்பனையாகும் மலிவான கருவிகளுட் பல பற்சக்கர முறுக்காணி உடையவை. ஆயினும் பழைய கருவிகளிலும், மரபு வடிவத்தைப் பேணும் உயர்தரக் கருவிகளிலும் உராய்வு முறுக்காணியே உள்ளது. அது இலேசானது, கருவியின் தலை கனத்துக் கீழே சாயாதவாறு காப்பது.

முறுக்காணியின் அமைப்பு

கருவியின் தலைப்பலகையில் பின்புறமிருந்து முன்புறமாக ஒரு துளை செல்கிறது. அத்துளையினுள் ஓர் உலோகத் தண்டு நிற்கிறது. தண்டின் முன்முனையிலுள்ள சிறு துளையில் தந்தியைக் கோத்துச் சுற்றுகிறோம். பின்முனையில், விரலால் பிடித்துத் திருகுவதற்குரிய சிறகு போன்ற பிடி உள்ளது. பிடியின் நடுவே ஒரு திருகாணி. அதனை இறுக்கினால், பிடி ஒருபுறமும் தண்டின் விளிம்பு மறுபுறமும் தலைப்பலகையை நெருக்குகின்றன. இடையில் தோல், நார்ப்பொருள், நைலான் அல்லது உலோகத்தாலான வாஷர்கள் இருக்கும். சிலவற்றில் ஒரு சிறு வில்லும் உண்டு. இந்நெருக்கத்தால் எழும் உராய்வே தண்டைச் சுழலவொட்டாமல் பிடித்து நிற்கிறது. வேறு பூட்டு எதுவும் அதில் இல்லை.

பற்சக்கர முறுக்காணியிலோ பிடி பல சுற்றுச் சுற்றினால்தான் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். 14-க்கு 1 என்னும் விகிதம் பொதுவாகக் காணப்படுவது. உராய்வு முறுக்காணியில் விகிதம் 1-க்கு 1. விரல் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே தண்டும் திரும்பும். விரலின் நடுக்கம்கூட அப்படியே தந்திக்குச் சென்றுவிடும்.

ஒரு பாகை செய்யும் வேலை

சிறிய அளவினதாகிய 'சோப்ரானோ' யுகுலேலேயில், மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் ஏறத்தாழ 34 அல்லது 35 செ.மீ. நான்கு தந்திகளின் வழக்கமான அதிர்வெண்கள் வினாடிக்கு 392, 262, 330, 440. நம் வழக்கில் இரண்டாம் தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், இவை முறையே பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம் ஆகும். முதலிற் கூறிய தந்தி தடித்த தந்தியன்று. தன்னையடுத்த இரண்டையும்விட உயர்ந்து ஒலிப்பது இக்கருவியின் சிறப்பு.

440 அதிர்வுகளுடைய தந்தியை எடுத்துக்கொள்வோம். அது 0.6 மி.மீ. விட்டமுள்ள நைலான் என்றால், அந்தச் சுருதிக்கு அதை இழுக்க ஏறத்தாழ 3 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மேருவுக்கு அப்பாலுள்ள பகுதியையும் சேர்த்து அதன் மொத்த நீளம் 40 செ.மீ. எனக் கொண்டால், இவ்விழுப்பில் அது மீள்தன்மையால் 8 மி.மீ. அளவுக்கு நீண்டிருக்கும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் மாறும் என்பது நாம் அறிந்த விதி. அரைச் சுருதி உயர்த்த அதிர்வெண் 6 சதவீதம் கூட வேண்டும். ஆகவே இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். அதற்குத் தந்தி இன்னும் ஏறத்தாழ 1 மி.மீ. சுற்றப்பட வேண்டும். தண்டின் விட்டம் 6 மி.மீ. ஆயின், 1 மி.மீ. சுற்றுவதற்குத் தண்டு திரும்பும் கோணம் ஏறக்குறைய 20 பாகை. அரைச் சுருதியை 100 பங்காக்கி ஒவ்வொன்றையும் 'சென்ட்' என வழங்குவர். எனவே ஒரு பாகைத் திருப்பம் 5 சென்ட்.

ஒத்த சுருதியுள்ள வேறொரு ஒலியுடன் சேர்த்து மீட்டினால், 5 சென்ட் பிசகு வினாடிக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமான விம்மலாகக் காதுக்குத் தெரியும். அதாவது, காது கண்டுபிடிக்கும் பிசகுக்குள் முறுக்காணியை நிறுத்த வேண்டுமானால் விரல் ஒரு பாகைக்குள் நிற்க வேண்டும். பிடியின் அகலம் 2 செ.மீ. எனின், அதன் ஓரத்தில் ஒரு பாகை என்பது 0.17 மி.மீ. நகர்வுதான், இரண்டு தாள்களின் தடிப்பு அளவே. பற்சக்கரம் இருந்தால் இதே வேலைக்கு விரல் 14 பாகை திரும்பலாம். உராய்வு முறுக்காணி 'தொட்டாற்சிணுங்கி' எனப் பெயர் பெற்றதற்கு இதுவே முதற் காரணம்.

இவ்விடத்தில் ஒன்று கூறத் தோன்றுகிறது. நைலான் அதிகம் நீள்வது நமக்கு அனுகூலமே. அதே நீளத்தில், அதே சுருதிக்கு எஃகுக் கம்பி பூட்டினால் அது 1.5 மி.மீ. அளவே நீண்டிருக்கும். அப்போது ஒரு பாகைத் திருப்பம் 25 சென்டுக்கும் மேலாகப் பாயும். பிரடையால் மட்டும் எஃகுக் கம்பியை நுட்பமாகச் சுருதி கூட்டுவது அரிது என்பதை நம் கருவி செய்வோர் என்றோ கண்டுகொண்டனர். வீணையின் அடிப்பக்கத்தில் கம்பியின் மேல் நகரும் லங்கர்களும், தம்பூராவில் குதிரைக்குக் கீழே கோத்த மணிகளும் பிரடையின் கைக்கு எட்டாத அந்த நுண்ணிய வேறுபாட்டைச் சரி செய்வதற்காகவே அமைந்தவை. வயலினின் எஃகுத் தந்திக்கு அடிப்பக்கத்தில் ஒரு சிறு திருகு வைப்பதும் இந்நோக்கம் பற்றியே. யுகுலேலேயில் அத்தகைய துணை இல்லை. அதற்கு எஃகுக் கம்பி பூட்டுவதும் தகாது, ஏனெனில் அதன் மெல்லிய மேற்பலகை கம்பியின் இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதன்று.

இறுக்கினால் சரியாகுமா?

முறுக்காணி நழுவினால் திருகாணியை இறுக்குகிறோம். அது நியாயமே. ஆனால் 'நன்றாக' இறுக்கிவிட்டால் தொல்லை ஒழியும் என்று எண்ணுவதுதான் பெருந்தொல்லைக்கு வாயில். இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

3 கிலோகிராம் இழுப்பு, 3 மி.மீ. ஆரமுள்ள தண்டைத் தளரும் திசையில் சுழற்ற முயல்கிறது. பிடியின் இரு ஓரங்களையும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பற்றியிருந்தால், இச்சுழற்சியைத் தடுக்க ஒவ்வொரு விரலும் ஏறத்தாழ 450 கிராம் விசை தர வேண்டும். கையை எடுத்ததும் இந்த வேலையை உராய்வு ஏற்க வேண்டும். ஆகவே உராய்வின் ஆற்றல் தந்தியின் திருப்பத்தைவிடச் சற்றேனும் அதிகமாக இருத்தல் அவசியம். கால் பங்கு அதிகமாக வைத்தோம் என்க.

இப்போது சுருதியை உயர்த்த முயன்றால், விரல்கள் தந்தியையும் எதிர்க்க வேண்டும், உராய்வையும் எதிர்க்க வேண்டும். இரண்டும் கூடி ஒவ்வொரு விரலுக்கும் 1 கிலோகிராம். இறக்க முயன்றாலோ தந்தி நமக்கு உதவி செய்கிறது. உராய்வில் தந்தியின் பங்கு கழிந்து எஞ்சிய 110 கிராம் விசையே போதும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒன்பது மடங்கு வேறுபாடு! ஏற்றும்போது அழுத்திப் பழகிய விரல், அதே அழுத்தத்தோடு இறக்க முற்பட்டால் தந்தி ஓரிரு சுரங்கள் கீழே விழுவது வியப்பன்று. இதனை முறுக்காணியின் கெடுதி என்பது பொருந்தாது. அதன் கணக்கு அவ்வளவே.

இனி, திருகாணியை மிகவும் இறுக்கி உராய்வைத் தந்தியின் திருப்பத்தைப் போல் மூன்று மடங்காக்கினால் என்ன ஆகும்? ஏற்றுவதற்கு ஒவ்வொரு விரலும் 1.8 கிலோகிராம் விசை தர வேண்டும். சிறு பிள்ளையின் விரலுக்கு இது கடினம். அதற்கு மேலும் ஒரு கெடுதி உண்டு. நின்ற பொருளை அசைக்கத் தொடங்கும்போது உள்ள நிலை உராய்வு, அசைந்த பிறகு உள்ள இயக்க உராய்வைவிட அதிகம் என்பது பாடப்புத்தகம் கூறும் செய்தி. தண்டு அசையத் தொடங்கிய கணத்தில், விரலில் திரட்டி வைத்த விசையில் ஒரு பகுதி தேவையற்றதாகிவிடுகிறது. அந்த மிகுதியே தண்டைக் குறித்த இடத்திற்கு அப்பால் தள்ளுகிறது. இயக்க உராய்வு ஐந்தில் ஒரு பங்கு குறைவு எனக் கொண்டால், அதிகமாக இறுக்கிய முறுக்காணியில் இம்மிகுதி, அளவாக இறுக்கியதில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சுருதி நழுவாமலிருக்க இறுக்கினோம்; இப்போது சுருதி படிப்படியாகத் துள்ளுகிறது. பிளாஸ்டிக்காலான பிடி விரிசல் விடுவதும், திருகாணியின் புரி அழிவதும், மென்மரத் தலைப்பலகை வாஷரின் அடியில் நசுங்குவதும் இவ்வழக்கத்தின் பின்விளைவுகள்.

ஆகவே திருகாணியை எப்போதும் எட்டில் ஒரு சுற்றாக மட்டும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தந்தியைச் சரியான சுருதிக்கு ஏற்றிக் கையை எடுத்தால் நிற்கிறதா? நின்றால் திருகாணியை அதற்கு மேல் தொட வேண்டியதில்லை. மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் ஒரே இழுவிசை உடையனவல்ல. எனவே நான்கு திருகாணிகளும் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டுமென்ற நியமமும் இல்லை.

எண்ணெய் விடுதல் கூடாது. கிரீச்சிடும் எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் விடுவது நம் களப்பணியாளர்க்குப் பழகிய கைவழக்கம். பம்புக்கும் சைக்கிளுக்கும் அது நல்லது. இங்கோ உராய்வே வேலையாள். தோல் வாஷர் ஒருமுறை எண்ணெய் குடித்துவிட்டால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பழுது எங்கே இருக்கிறது?

சுருதி இறங்கியதும் முறுக்காணியைக் குற்றம் சாட்டுவது எளிது. குற்றவாளி அதுதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தந்தியைச் சுருதி கூட்டியபின், தண்டின் முனையிலிருந்து தலைப்பலகையில் பதித்துள்ள உலோக வளையம் வரை மெல்லிய கோடு ஒன்று இழுக்கவும். உலோகத்தில் பென்சில் பிடிக்காவிட்டால் மைப்பேனாவால் இழுக்கலாம். அதேபோல், குதிரையை ஒட்டித் தந்தியின்மேல் ஒரு மைப்புள்ளி வைக்கவும். சில மணி நேரம் கழித்துச் சுருதி இறங்கியிருக்கக் கண்டால் கோட்டைப் பார்க்கவும். தண்டின் பக்கத்துக் கோடு விலகியிருந்தால் முறுக்காணி நழுவியுள்ளது. திருகாணியை எட்டில் ஒரு சுற்று இறுக்க வேண்டும். கோடு நேராகவே இருந்து, மைப்புள்ளி குதிரையை விட்டு நகர்ந்திருந்தால் நழுவியது குதிரையில் கட்டிய முடிச்சு. இரண்டும் அசையவில்லை என்றால் தந்தி தானாகவே தளர்ந்துள்ளது.

மூன்றாவது நிலைமையே அதிகம் காணப்படுவது. நைலான் இழுப்பிலேயே இருக்கும்போது மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். புதுத் தந்தி பூட்டிய முதல் சில நாட்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே சுருதி இறங்குவது இயல்பு. இந்நாட்களில் முறுக்காணியை இறுக்கியே தீர்வது என்று திருப்புளியைக் கையிலெடுப்பவர்தாம் நாம் மேலே கண்ட மிகை இறுக்கத்துக்கு ஆளாகின்றனர். பொறுத்திருந்து, நாள்தோறும் சுருதியை மீண்டும் உயர்த்தி வந்தால் நெகிழ்ச்சி குறைந்து தந்தி நிலைபெறும்.

தண்டின்மேல் தந்தியைச் சுற்றும் முறையும் கவனித்தற்குரியது. நைலானுக்கும் உலோகத்திற்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழுவை 0.2 எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு இழுப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறைகிறது. மூன்று சுற்றுகளுக்குப் பின் 3 கிலோகிராம் இழுப்பில் 70 கிராமே தந்தியின் நுனிக்கு வந்து சேர்கிறது. படகைத் தூணில் கட்டுவோர் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒரு கையால் பிடித்து நிற்பது இவ்விதியின் பயனே. ஆகவே இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் போதும். பத்துச் சுற்றுச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால், தண்டின் ஆரம் 3 மி.மீ.யிலிருந்து 3.6 மி.மீ.யாகப் பருக்கும். தந்தியின் திருப்பமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும்; ஒரு பாகைக்குச் சுருதி மாறும் அளவும் அவ்வாறே கூடும். நழுவலும் துள்ளலும் ஒருங்கே வந்து சேரும். சுற்றுகள் தலைப்பலகையை நோக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒழுங்காக இறங்க வேண்டும்.

இனி மேரு. பிடியைத் திருப்பினால் சிறிது நேரம் சுருதி மாறாமலிருந்து, பின்னர் 'டிக்' என்ற ஓசையோடு திடீரென்று எகிறினால், அது முறுக்காணியின் துள்ளல் அன்று. மேருவின் பள்ளத்தில் தந்தி சிக்கி நிற்கிறது. முறுக்காணிக்கும் மேருவுக்கும் இடையேயுள்ள சிறு துண்டில் மட்டும் இழுவிசை கூடுகிறது. சிக்கல் விட்டதும் அவ்வளவும் ஒருசேர மறுபக்கம் பாய்கிறது. தந்தியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து எடுத்து, கூரிய பென்சிலால் பள்ளத்தைப் பலமுறை தேய்க்கவும். பென்சிலிலுள்ள கிராபைட்டு உலர்ந்த மசகுப் பொருள், தந்தியைக் கெடுக்காது. இச்சிறு காரியத்தால் 'முறுக்காணி சரியில்லை' என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மரமும் ஈரமும்

தை மாதத்தில் ஒழுங்காக இருந்த முறுக்காணி ஐப்பசி மழையில் கல்லைப்போல் இறுகுவதும், சித்திரையில் தானாகத் தளர்வதும் உண்டு. திருகாணியை யாரும் தொடவில்லை, மரம் மாறியிருக்கிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விடுத்தும் வரும் பொருள். நார் ஓடும் திசையில் அதன் நீளம் மாறுவது அற்பம்; நாருக்குக் குறுக்கே மாறுவது கணிசம். முறுக்காணி நெருக்கி நிற்பதோ தலைப்பலகையின் தடிப்பை, அதாவது நாருக்குக் குறுக்குத் திசையை. தலைப்பலகை 13 மி.மீ. தடிப்புடையதாக இருந்து, மரத்தின் ஈர அளவு 8 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாக உயர்ந்தால், தடிப்பு ஏறத்தாழ 1 சதவீதம், அதாவது 0.13 மி.மீ. கூடும். மிகச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் திருகாணியின் புரியிடைத் தூரம் 0.5 மி.மீ. ஆயின், இவ்வளவு கூடுதல் திருகாணியைக் கால் சுற்று இறுக்கியதற்குச் சமம். எட்டில் ஒரு சுற்றாகப் பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும் என்று நாம் கூறிய இடத்தில், பருவகாலம் நம்மைக் கேளாமலே கால் சுற்றுத் திருப்பிவிடுகிறது.

தோல் வாஷரும் வில்லும் இதற்காகவே இருக்கின்றன. அவை நசுங்கி விரிந்து மரத்தின் மாற்றத்தில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. நாட்பட்ட தோல் காய்ந்து கெட்டியானால் இக்குணம் போய்விடும். கடையில் உரிய வாஷர் கிடைக்காதபோது, பழைய செருப்புத் தோலில் வட்டமாக வெட்டி நடுவே துளையிட்ட துண்டு நன்றாகவே உழைக்கும். கடற்கரை ஊர்களிலும் அசாம், கேரளம் முதலிய மழைப் பிரதேசங்களிலும் பணிபுரிவோர், மழை தொடங்கும்போதும் ஓயும்போதும் நான்கு திருகாணிகளையும் ஒருமுறை சோதிப்பது நலம். இராஜஸ்தானம் போன்ற வறண்ட பகுதிகளில் தளர்ச்சியே அதிகம் காணப்படும். கருவியைப் பெட்டியில் மூடிவைத்தல் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும்; வெயில்படும் சன்னலோரம் ஆகாது.

சுருதி கூட்டும் கைம்முறை

மேலே கண்ட கணக்கிலிருந்தே கைம்முறையும் தெளிவாகும். எப்போதும் கீழிருந்து மேலாகவே சுருதிக்கு வர வேண்டும். ஏற்றும் திசையில் விரலுக்கு எதிர்ப்பு அதிகம். ஆதலின் கட்டுப்பாடும் அதிகம். அன்றியும், ஏற்றி நிறுத்திய தந்தியில் மேருவின் இருபுறமும் இழுவிசை சமனாக நிற்பதற்கு வாய்ப்பு மிகுதி. சுருதியைத் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று சென்ட் இறக்கிச் சரிக்கட்ட முயல வேண்டாம். அரைச் சுருதி அளவுக்கு நன்றாக இறக்கி, மீண்டும் ஏறி வருக.

பிடியைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பற்றியிருக்க, எஞ்சிய விரல்களின் நுனி தலைப்பலகையின்மேல் ஊன்றியிருக்கட்டும். ஊன்றுகோல் இல்லாத கைக்கு ஒரு பாகை நுட்பம் வராது. மணிக்கட்டு முழுவதையும் திருப்பாமல் விரல்களைப் பிசைவது போல் உருட்ட வேண்டும். திருப்பும்போதே மறு கையால் தந்தியை மீட்டிக்கொண்டிருத்தல் அவசியம். மௌனமாகத் திருப்பிவிட்டுப் பிறகு கேட்டுப் பார்ப்பது பயன் தராது.

கடைசிச் சில சென்டுகளுக்கு முறுக்காணியைத் தொடாமலே ஓர் உபாயம் உண்டு. சுருதி இம்மியளவு உயர்ந்திருந்தால் தந்தியின் நடுப்பகுதியை மெல்ல மேலே தூக்கி விடுக. சுற்றுகளிலிருந்து சிறிது நெகிழ்ந்து சுருதி இறங்கும். இம்மியளவு தாழ்ந்திருந்தால், மேருவுக்கும் முறுக்காணிக்கும் இடையேயுள்ள துண்டை ஒருமுறை விரலால் அழுத்தி விடுக. மேருவைத் தாண்டிச் சிறிது இழுவிசை மாறிச் சுருதி உயரக்கூடும். பெரிய பிசகுக்கு இது உதவாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான ஆசிரியர்கள் இம்முறுக்காணி ஒன்றைக் கொண்டு உராய்வுப் பாடத்தைச் செலவின்றி நடத்தலாம். 13 மி.மீ. தடிப்புள்ள பலகைத் துண்டில் துளையிட்டு முறுக்காணியைப் பொருத்துக. பலகையை மேசை விளிம்பில் இறுக்கி, தண்டில் தூண்டில் நரம்பை மூன்று சுற்றுச் சுற்றி, அதன் முனையில் மொத்த எடை 3 கிலோகிராம் வரும்படி நீர் நிரப்பிய ஒரு வாளியைத் தொங்கவிடுக. வாளி தரைக்குச் சில செ.மீ. மேலேயே நிற்கட்டும், நழுவினாலும் தீங்கில்லை. திருகாணியை மெல்லத் தளர்த்தி, வாளி இறங்கத் தொடங்கும் நிலையைக் காண்க. பிறகு எட்டில் ஒரு சுற்று இறுக்குக.

இப்போது பிடியின் ஓரத்தில், அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் ஒரு நூலைக் கட்டிச் சுருள்வில் தராசால், பிடிக்குச் செங்குத்தாக இழுத்து, தண்டு அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவைக் குறிக்கவும். வாளி ஏறும் திசையில் ஓர் அளவும், இறங்கும் திசையில் ஓர் அளவும் கிடைக்கும். இவ்விரண்டின் வித்தியாசத்தில் பாதி, வாளியின் எடை தண்டுக்குத் தரும் திருப்பம். அது 900 கிராமை ஒட்டி வர வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி, உராய்வின் ஆற்றல். திருகாணியை இன்னும் எட்டில் ஒரு சுற்று இறுக்கி மீண்டும் அளந்தால், முதற்கூறியது மாறாமலிருக்க இரண்டாவது மட்டும் உயர்வதை மாணவர் தாமே காண்பர். பலகையை ஈரத் துணியில் சுற்றி ஓரிரவு வைத்திருந்து மறுநாள் அளந்தால், திருகாணியைத் தொடாமலே அந்த அளவு உயர்ந்திருப்பதையும் காணலாம்.

மரப் பிரடைகள்

கூம்பு வடிவ மர முறுக்காணி உள்ள கருவிகளில் திருகாணி இல்லை. திருப்பும்போதே துளைக்குள் சற்று அழுத்தித் திருப்புவதுதான் அங்கே இறுக்கம். நழுவும் பிரடையை உருவி, துளையோடு உராயும் பகுதியில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைச் சிறிது தேய்த்தால் பிடிப்பு உண்டாகும். இறுகித் திரும்ப மறுக்கும் பிரடைக்கு உலர்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் வழுவழுப்பு உண்டாகும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகப் பூசி நடுநிலையைக் காண்பது வீணை, வயலின் கலைஞர்களின் பழைய வழக்கம். சுண்ணம் மரத்தை அராவும் இயல்புடையது. அடிக்கடி பூசினால் துளை அகன்றுவிடும். பிரடை ஓரிடத்தில் மட்டும் உராய்ந்து பளபளப்பாகத் தெரிந்தால், துளையும் பிரடையும் ஒத்த கூம்பாக இல்லை என்று பொருள். அதற்குச் சுண்ணமோ சவர்க்காரமோ மருந்தாகாது. கருவி செய்வோரிடம் கொடுத்துத் துளையைச் சீர்படுத்த வேண்டும்.

உலோக முறுக்காணியிலும், புரி அழிந்து திருகாணி பிடிக்காத நிலை வந்துவிட்டால் மாற்றுவதே வழி. தோற்றத்தில் பழைய வடிவத்தை ஒத்து, தண்டின் உள்ளேயே சிறு பற்சக்கரங்களைக் கொண்டு 4-க்கு 1 என்னும் விகிதத்தில் இயங்கும் முறுக்காணிகள் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம்; பள்ளிக் கருவியின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். சாதாரண உராய்வு முறுக்காணியே வாங்குவதாயின் தலைப்பலகையின் தடிப்பையும் துளையின் விட்டத்தையும் முன்னதாக அளந்து குறித்துக்கொள்க. புதிய தண்டு துளையைவிடப் பருத்ததாக அமைந்துவிட்டால், துளையைக் கத்தியால் சுரண்டி அகலப்படுத்தலாகாது; வட்டம் கெட்ட துளையில் எந்த வாஷரும் சரியாக அமராது.